புளி போட்டுத் தேய்த்த ஆத்தா

"மேடம், இது எங்க ஆத்தா இல்லீங்க. இவ மாத்திட்டா."

என் வீட்டுக் கூடத்தில் உட்காரக்கூட மறுத்து, நின்றபடியே கோவிந்தம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். கம்பைநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கூடவே மகன் சேகரும், கல்யாணமாகி மூன்று மாதமான மருமகள் சுதாவும் வந்திருந்தார்கள். வாசலில் சுதாவின் துணிப்பை. இங்கே விஷயம் தீராவிட்டால் அப்படியே பஸ் ஏற்றி மாரண்டஹள்ளிக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, அனுப்பிவிடுவதாக ஏற்பாடு.

அருங்காட்சியக நாணயப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ஓய்வில்லை. பழைய ரோமானியக் காசு கிடைத்தால் யாராவது என் வீட்டுக்கு வழி சொல்லிவிடுகிறார்கள். எழுத்து தேய்ந்துபோன காசாக இருந்தாலும் முகவெட்டை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். ஒல்லி முகம், நெற்றியில் கொத்தாக விழும் முடி என்றால் அகஸ்டஸ். நீளக் கழுத்து, கூர்மூக்கு என்றால் திபேரியஸ். கழுத்தும் தாடையும் ஒன்றாகி, பந்தியிலிருந்து இப்போதுதான் எழுந்து வந்தவன் மாதிரி இருந்தால் நீரோ. ஆபீஸில் எனக்குக் 'கழுத்து மேடம்' என்றே பெயர். அதில் எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்தான்.

நடந்தது இதுதான். எப்போதோ கிணறு வெட்டும்போது கிடைத்த வெள்ளிக் காசு ஒன்றை அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஆத்தா என்று கும்பிடுகிறார்கள். மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறி ஏறிக் காசு கறுப்பு அடையாகிவிட்டது. அந்த அடையில் ஆத்தாவுக்கு மூக்குத்தி இருந்ததாம், சடைக்குஞ்சம் இருந்ததாம். புது மருமகள் பூஜைச் சாமான் தேய்க்கும்போது இதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். மாமியார் வந்து பார்த்தால் தட்டில் பளபளவென்று வேறொரு முகம்.

காசைக் கையில் வாங்கினேன். லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை.

"திபேரியஸ். ரோமாபுரி ராஜா. ஆம்பளைங்க," என்றேன், வாத்தியார் கேட்டு முடிப்பதற்குள் கை தூக்கும் பிள்ளை மாதிரி.

கோவிந்தம்மா மகன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கடா. நம்ம ஆத்தா பொம்பள. இது எவனோ ஒருத்தன். மாத்துனதுதான்னு மேடமே சொல்லிட்டாங்க."

சரியான பதிலைச் சொல்லி ஒரு பெண்ணைப் பஸ் ஏற்றிவிடப் பார்த்தேனே. சேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டினவன் ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும்?

"மேடம், அதுல பின்னாடி..." என்று சுதா ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு," என்றார் மாமியார். நானும், "இரும்மா," என்று கையைக் காட்டிவிட்டேன்.

"பழைய காசோட ஒத்துப் பாக்கறதுக்கு ஏதாச்சும் இருக்குங்களா? போட்டோ?" என்று கோவிந்தம்மாவிடம் கேட்டேன்.

"ஆத்தாள யாருங்க போட்டோ புடிப்பாங்க? ஆடிப் பதினெட்டுக்கு மஞ்சள அரச்சு உருண்ட புடிச்சு, ஆத்தா மொகத்த அதுல பதிப்போம். காஞ்சதும் அடுத்த ஆடி வரைக்கும் அரிசி டிரம்முல கெடக்கும். நீங்க நம்பணுமேன்னு கையோட கொண்டாந்தேன்," என்று மடியிலிருந்து ஒரு மஞ்சள் உருண்டையை எடுத்து நீட்டினார்.

எனக்கு உயிர் வந்தது. ரோமானியக் காசு மெஷினில் வெட்டியதல்ல. ஆள் சம்மட்டியால் அடித்தது. ஒன்றின் விளிம்பு போல் இன்னொன்றின் விளிம்பு இருக்காது. இந்தக் காசு ஒரு பக்கம் பிதுங்கி, எதிர்ப் பக்கம் லேசாகப் பிளந்திருந்தது. முகத்தைக் கீழே வைத்து மஞ்சள் குழிக்குள் இறக்கினேன். பிதுங்கல் பிதுங்கலில், பிளவு பிளவில் உட்கார்ந்தது. காய்ந்து சுருங்கிய குழிதான். காசும் அழுக்குப் போய் இளைத்திருந்ததால் சரியாகப் போய்விட்டது.

"அதே காசுதாங்க. சடைக்குஞ்சம்னு நீங்க சொன்னது ராஜா தலையில கட்டுன இலை மாலையோட ரிப்பன். மூக்குத்தி, நல்ல வெள்ளியான்னு பாக்க அந்தக் காலத்துல கன்னத்துல உளியால வெட்டுன தழும்புல அடைஞ்ச குங்குமம்."

கோவிந்தம்மா இரண்டையும் வாங்கித் தானே பொருத்திப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பொருத்தினார். பிறகு அவர் முகம் தொங்கிவிட்டது.

"அப்ப இத்தன காலமும் எவனோ ஒரு ஆம்பளைக்கா பொடவ சாத்துனோம்?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. சுதாதான் கிட்டே போய், மாமியார் உள்ளங்கையிலேயே காசைத் திருப்பி வைத்தாள்.

"பின்னாடி பாருங்க அத்த. அப்பத்துலேருந்து நான் இதத்தான் சொல்ல வரேன்."

நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கோல், ஒரு கையில் இலைக் கொத்து. திபேரியஸ் காசுகளில் அவள் சர்வ சாதாரணம். மனப்பாடமாகத் தெரிந்தவள் என்பதால்தான் நான் காசைத் திருப்பவே இல்லை.

"கையில வேப்பிலையாங்க?" என்றார் கோவிந்தம்மா மெதுவாக.

ஆலிவ் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஒரே நாளில் இரண்டாவது தடவையும் சரியான பதில் சொல்லி வம்பை வாங்க வேண்டாமென்று விழுங்கிக்கொண்டேன். "அந்த ராஜாவப் பெத்த அம்மான்னு சொல்றவங்க உண்டுங்க," என்று மட்டும் சொன்னேன்.

நாணயப் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முகவெட்டை நன்றாகப் படியுங்கள், அது சோறு போடும். ஆனால் மனப்பாடமான பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் வாயெடுக்கிறவளை 'இரும்மா' என்று அடக்காதீர்கள்.

கிளம்பும்போது கோவிந்தம்மா காசை மருமகள் கையில் வைத்து மூடினார்.

"இனிமே ஆத்தாளக் குளிப்பாட்டறது உன் பொறுப்பு கண்ணு. பொம்பள பக்கம் மட்டும் தேய்ச்சாப் போதும். அந்த ஆம்பள அழுக்காவே கெடக்கட்டும்."