ராகு காலம் கழிந்து ஒரு வெடி

ஒரு திணைக்களத்துக்குச் சொந்தமான பொருளை இன்னொரு பிரிவின் அலுவலர் பரிசோதனைக்காகக் கையேற்றால், அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். பரிசோதனை முடிந்ததும் பொருளை நல்ல, சுத்தமான நிலையில் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இது விதி. அரச சேவையில் தலை நரைத்தவனுக்கு இப்படியான வாக்கியங்கள், மற்றவர்களுக்குச் சினிமாப் பாட்டு வருவதுபோல, குளிக்கும்போதுகூட வாயில் வரும்.

போன கிழமை இந்த விதி மின்வெட்டு நேரத்தில் வாயில் வந்தது. மனைவி மண்ணெண்ணெய் விளக்கைத் தேடிப்பிடித்து ஏற்றினாள். திரியை அளவுக்கு மேல் தூண்டிவிட்டாள் போலும், சிமினி கறுத்து அறை முழுக்கப் புகை. நான் மூக்கை விரித்து இழுத்தேன்.

"என்னப்பா, சாம்பிராணியே இது? இப்பிடி இழுக்கிறியள்!"

எனக்குச் சாம்பிராணிதான். என் வாலிபம் முழுக்க அந்த மணத்தில்தான் போயிற்று.

எண்பதுகளில் மாத்தளையில் எனக்கு நிலநடுக்கம் அளக்கும் உத்தியோகம். நிலமே நடுங்காத நாட்டில் அப்படியும் ஓர் உத்தியோகமா என்று நீங்கள் கேட்கலாம். பெண் பார்க்கப் போன அன்று மாமனாரும் அதையேதான் கேட்டார். "ஒண்டும் நடக்காட்டியும் சம்பளம் தருவினமோ?" தருவார்கள் என்றதும் மனிதர் முகத்தில் ஒரு நிம்மதி.

கருவி எளிமையானது. ஓர் உருளையில் வெள்ளைக் காகிதத்தைச் சுற்றி, மண்ணெண்ணெய்ச் சுவாலைக்கு மேல் உருட்டிக் கரி பிடிக்க வைப்போம். ஓர் ஊசி அந்தக் கரியைக் கீறிக்கொண்டே போகும். நிலம் நடுங்கினால் ஊசியும் நடுங்கும். கறுப்பில் வெள்ளைக் கோடு நெளியும். பிறகு வார்னிஷில் தோய்த்தெடுத்தால் கரி அப்படியே இறுகிவிடும். தோய்க்காவிட்டால் ஒரு விரல் பட்டாலே போச்சு. சுமாத்திராவில் பூமி பிளந்தாலும் அந்த ஊசிக்குத் தெரியும், பக்கத்து வயலில் கை உழவு இயந்திரம் இருமினாலும் தெரியும். பெரியது சின்னது பார்க்காத ஊழியன் என் சேவைக்காலத்தில் அது ஒன்றுதான்.

என்னைப் பிடித்தாட்டிய கேள்வி, மாத்தளைக்குக் கிழக்கே நிற்கும் நக்கிள்ஸ் மலை. இமயம் ஏன் எழுந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். இந்திய நிலத்தட்டு போய் முட்டியது, மடிந்து எழுந்தது. அந்தத் தட்டின் பின்னிருக்கையில்தான் நாமும் இருக்கிறோம். நகம் வளரும் வேகத்தில் இலங்கை முழுவதும் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது, எந்தச் சோதனைச்சாவடியிலும் நிற்காமல். சரி, இமயம் முட்டிய இடத்தில் எழுந்தது. யாரும் முட்டாத இடத்தில் நிற்கும் இந்த மலைக்கு என்ன வேலை? இதற்கும் கீழே பல்லுக்கு இருப்பதுபோல வேர் இருக்கிறதா? எவ்வளவு ஆழம்? இதுதான் என் முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு.

விடை காண வழி ஒன்றுதான். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு வெடி வைத்து, அந்தப் பக்கம் அதிர்வைப் பிடிக்க வேண்டும். நேரே வரும் அதிர்வு முதலில் வரும். ஆழத்தில் பட்டுத் திரும்புவது கொஞ்சம் பிந்தி, மெலிந்து வரும். அந்தப் பிந்தலை அளந்தால் ஆழம் தெரிந்துவிடும். வெடிமருந்துக்கு விண்ணப்பிக்க ஒரு நடைமுறையும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் அந்தக் காலத்தில் மாத்தளை மலையடியில் வெடி வைக்க அனுமதி கேட்டுக் கொழும்புக்கு எழுதுவதைவிட, நேரே போய் மறியல்சாலைக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கலாம். முத்திரைச் செலவாவது மிச்சம்.

ஆகவே உக்குவளைப் பக்கம் கல்குவாரி வைத்திருந்த ஹாஜியாரிடம் போனேன். அவருடைய ஆட்கள் எப்படியும் வெடி வைக்கிறார்கள். எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் போதும்.

"என்னயக் கேட்டு என்னத்துக்கு சேர்?" என்றார். "குழி என்ட, கல்லு என்ட. வெடி மட்டும் மாணிக்கத்துட."

வெடிகாரர் மாணிக்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ராகு காலம் கழிஞ்சாத்தாங்க திரி வைப்பேன். எனக்கு முந்தி இருந்தவரு அதெல்லாம் பாக்க மாட்டாரு. இப்ப அவரு இல்ல, நான் இருக்கேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கா?"

"ராகு முடியறப்ப ஹாஜியார் ஜும்மாவுக்குக் கெளம்பிருவாருங்க. அவரு தொழுகையில நிக்கறப்ப நான் மலைய ஒடைக்கிறதா? வெள்ளிக்கி வெடி இல்ல."

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். இரண்டு மதங்கள் கூடி அமைத்த அந்த நேரசூசியைப்போல ஒழுங்காக நடந்த எதையும் நான் அரச சேவையில் கண்டதில்லை. ஒரு பொக்கற் கலண்டர் வாங்கி, செவ்வாய் மூன்று முதல் நாலரை ராகு, ஆகவே நாலரைக்கு வெடி, புதன் ஒன்றரைக்கு, வியாழன் மூன்றுக்கு என்று சிவப்பு மையில் குறித்துக்கொண்டேன். குவாரியில் ஒரு கருவியோடு நான். மலைக்கு அப்பால் பல்லேகமவில், விதைநெல் களஞ்சியத்தின் நிலத்தில் இன்னொரு கருவி. களஞ்சியக் காவலாளி நாளுக்கொரு காகிதம் மாற்றித் தகரக் குழாயில் போட்டுவைப்பார்.

ஒரு மாதம் கழித்துப் பல்லேகம போய்க் குழாய்களைத் திறந்தேன். முதல் காகிதத்தில் வெடி, பெரிய நெளிவு. அதற்குச் சற்றுத் தள்ளி, கொசு சோம்பல் முறித்த மாதிரி இன்னொரு நெளிவு. அடுத்ததிலும் அது. அதற்கடுத்ததிலும். மலையின் அடியைத் தொட்டுத் திரும்பிய அதிர்வு! நெல்மூட்டைகளுக்கு நடுவே நின்று தனியாகச் சிரித்தேன். மாத்தளைக்குக் கொண்டுபோய் உருப்பெருக்கியின் கீழ் வைத்து அளப்பதுதான் பாக்கி. வார்னிஷில் தோய்ப்பதும் பாக்கி. கைவசம் வார்னிஷ் இல்லை. கேட்டு அனுப்பிய கோரிக்கை மேசை மேசையாக இளைப்பாறிக்கொண்டிருந்தது. கரியைக் கரியாகவே குழாய்களில் வைத்துப் பஸ் ஏறினேன்.

மலை வளைவு ஒன்றில் சோதனைச்சாவடி. குழாய்களோடு என்னை இறக்கினார்கள். கப்டன் இளைஞர். ஒரு காகிதத்தை இழுத்து விரித்தார். அவருடைய பெருவிரல் ரேகை கரியில் அச்சாகப் பதிந்தது.

"இது என்ன?" அவர் கேட்டது சிங்களத்தில்.

"மலைக்கு எடுத்த எக்ஸ்ரே, சேர்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் ஒரு சிப்பாய் என் சட்டைப்பையிலிருந்து கலண்டரை உருவினான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்த ஒரு சொல்லை மட்டும் யாரோ பழக்கிவிட்டிருந்தார்கள். "சேர், வெடின்னு எழுதியிருக்கு. நாள், மணியெல்லாம் போட்டு."

பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லோரும் மறுபக்க யன்னலால் பள்ளத்தாக்கின் அழகைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வருடங்களில் அப்படி இறக்கப்பட்டுத் திரும்ப ஏறாதவர்களை, தமிழர் வீடுகளிலும் சிங்களவர் வீடுகளிலும், இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கப்டன் கலண்டரை வாங்கிச் சிவப்பு மையிலிருந்த நாளையும் மணியையும் வாசித்தார். உதடு அசைந்தது. புருவம் மெல்ல உயர்ந்தது.

"ஏய், இதெல்லாம் ராகு காலம் முடியிற நேரமில்லையா?"

"ஆம் சேர். குவாரி வெடிகாரர் ராகு பார்ப்பவர்."

"வெள்ளிக்கிழமை ஏன் ஒண்டும் இல்ல?"

"முதலாளிக்கு ஜும்மா, சேர்."

கப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்பிடி ஒரு கதைய யாராலயும் சோடிக்க ஏலாது. போய் பஸ்ஸில ஏறு. இந்தக் கறுப்புக் காகிதம் மட்டும் பரிசோதனைக்குப் போகும்."

உயிர் திரும்பி வந்தவன் வாயை மூடிக்கொண்டு ஏற வேண்டுமா இல்லையா? பழக்கதோஷம். "பற்றுச்சீட்டு, சேர்?"

"உனக்கு இண்டைக்கு வீட்டில படுக்க ஆசையா, பற்றுச்சீட்டு ஆசையா?"

வீட்டில்தான் படுத்தேன்.

திரும்ப அளக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் வெடிமருந்து காவலோடுதான் வர வேண்டும் என்றாகிவிட்டது. இராணுவ லொறி வந்த நேரமே வெடிக்கும் நேரம். மாணிக்கம் ஒருநாள் திரியைக் கீழே போட்டார். "ராகுவுல வெடிக்கச் சொல்றாங்க. அவங்களுக்குத் துவக்கு இருக்கு, எனக்கு என்ன இருக்கு?" மிளகாய் வியாபாரத்துக்குப் போய்விட்டார். குவாரியும் மூடிக்கொண்டது. என் ஆய்வு அந்தக் காகிதங்களோடு போயிற்று. நான் மட்டும் அவற்றைத் திருப்பிக் கேட்டு ஒவ்வொரு தைமாதமும் இராணுவத்துக்கு, உரிய வழியூடாக, பிரதிகள் சகிதம், நினைவூட்டல் அனுப்பிவந்தேன். மேலே இருந்தவர்கள் ஓய்வுபெற ஓய்வுபெற, நகம் வளரும் வேகத்தில் எனக்கும் பதவி உயர்வு வந்தது.

ஹாஜியார் மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். குவாரிக் குழியில் பச்சைத் தண்ணீர். பையன்கள் தூண்டில் போடுகிறார்கள். பல்லேகமக் களஞ்சியம் இருந்த இடம் நீர்த்தேக்கத்துக்கு அடியில். காகிதத்துக்குப் புகை காட்டும் கருவியை இப்போது யாரும் வைத்திருப்பதில்லை. எல்லாம் கணினித் திரையில் நெளிகிறது. மணமில்லாத நெளிவு.

பதில் ஏன் வரவில்லை என்கிறீர்களா? வந்தது. போர் முடிந்த ஆண்டு, நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தபோது, பதிவுத் தபாலில், தகரக் குழாய்கள் சகிதம். "தங்கள் காகிதங்கள் பரிசோதிக்கப்பட்டன. ஆட்சேபனைக்குரிய எதுவும் காணப்படவில்லை. அவற்றில் கரி படிந்திருந்தமையால், நன்கு துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டு, இத்துடன் திருப்பி அனுப்பப்படுகின்றன."

விரித்துப் பார்த்தேன். பால் வெள்ளை. கப்டனின் பெருவிரலைக்கூட விட்டுவைக்கவில்லை. நல்ல, சுத்தமான நிலை. விதியில் ஓர் எழுத்தும் பிசகவில்லை.

"யாரப்பா அனுப்பினது, இவ்வளவு வெறுங்கடதாசியை?" என்றாள் மனைவி.

தபால்காரர் பேனாவை நீட்டினார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் கீழே குறித்தேன்: 2009 ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றேகால்.