ஊரே அறிந்த டிராக்டர்

அப்பா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லாருக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். படங்களைத் தம்பி பிரான்சிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பினான். கட்டுரை என் பொறுப்பில் வந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் என்பதால், அப்பாவைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். எல்லாம் தெரியாது என்பதை உங்களில் பலர் அறிவீர்கள்.

அப்பா வரிச்சிக்குடிக்குப் பக்கத்தில், இன்றும் நம் வீடு இருக்கிற அதே தெருவில் பிறந்தார். உடன் பிறந்தவர்கள் நால்வர், இவர் மூத்தவர். ஒன்பதாம் வகுப்பில் தம் தந்தையை இழந்தார். அந்த ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றது. நிலம் கொஞ்சம், குடும்பம் பெரிது. தங்கைகளுக்குத் திருமணம் முடித்து, தம்பிக்கு, அதாவது என் சித்தப்பாவுக்கு, தனி வீடு கட்டிக் கொடுத்த பிறகே தமக்கென்று ஓட்டுக்கூரையை மாற்றினார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா மறைந்த பிறகு தனியாகவே சமைத்துச் சாப்பிட்டார். மீன் குழம்பு அவர் கைக்கு நன்றாக வரும்.

நான் வேலையில் சேர்ந்த ஆண்டில் ஒரு சின்ன டிராக்டர் வாங்கினார். குறுகலான களத்துப் பாதையிலும் அது நுழைந்து போகும். ஊரில் எல்லாருக்கும் அதில்தான் உழுதார். தம் வயலைக் கடைசியில் உழுவது அவர் வழக்கம். ஆனால் கோடையில் காய்ந்து இறுகிய நம் களிமண்ணில் அந்த வண்டி திணறும். ஒரே வயலை இரண்டு மூன்று தடவை சுற்ற வேண்டும். காவிரித் தண்ணீர் கடைமடையான நம் வாய்க்காலுக்கு வந்து சேருவதற்குள் நாற்று வளர்ந்து நிற்கும்; எல்லாருக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டும். வெளியூர் வண்டிகள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விடும். அப்பா விடியலில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். அப்படியும் நாலைந்து பேருடைய நாற்று ஒவ்வோர் ஆண்டும் நடவுக்கு ஆகாமல் முற்றிப்போகும். அந்த வருத்தம் அவரிடம் இருந்தது. என்னிடமே சொல்லியிருக்கிறார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கோடையில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. இரத்தக் குழாயில் அடைப்பு இருந்து, அதை நீக்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், உடம்பு குலுங்கும் வேலை எதுவும் கூடாது, டிராக்டர் கூடவே கூடாது என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடியே அன்று எழுதி வைத்தேன். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அப்பா அதைக் கேட்கவில்லை. போன ஆண்டு கோடையில் மீண்டும் மூச்சு வாங்கியபோது, காரைக்காலில் என் வீட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைத்துப் பேசினேன்.

"இங்கயே வந்து இருங்கப்பா. தனியா அங்க என்னா இருக்கு?"

"டவுனுக்கு வந்து நான் என்னாம்மா பண்றது? பஸ் ஸ்டாண்டுல நின்னு பஸ்ஸை எண்ணவா?"

"அப்ப டிராக்டரை விட்டுடுங்க. ரெண்டுல ஒண்ணு."

அப்பா சுவரில் இருந்த அம்மா படத்தைப் பார்த்துச் சொன்னார்: "சரி, டிராக்டரை விட்டுடுறேன். இனிமே ஏற மாட்டேன். ஊரை விட்டு மட்டும் கூப்புடாதே."

அந்த வார்த்தையை நம்பித்தான் அவரைத் தனியாக ஊருக்கு அனுப்பினேன். நம்பாமல் இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். இதை இங்கே எழுதக் காரணம், என்னிடம் பலர் "அவரை ஏன் தனியா விட்டே?" என்று கேட்டதுதான்.

பத்து நாளில் சின்ன டிராக்டர் லாரியில் ஏறிப் போனது. நானே நின்று பார்த்தேன். சித்தப்பா கயிறு கட்டினார். தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். "ரொம்ப நல்லதுக்கா" என்றான். 'அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்' என்று அன்றைய பக்கத்தில் எழுதினேன்.

அதற்குப் பின் ஒன்பது ஞாயிறுகள் ஊருக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஒரு முறை கையில் மண்ணெண்ணெய் வாடை. கேட் கீலுக்கு எண்ணெய் விட்டதாகச் சொன்னார். இன்னொரு முறை கழுத்து வெயிலில் கறுத்திருந்தது. சுரக்குடிக்குத் துக்கத்துக்குப் போய் வெயிலில் நின்றேன் என்றார். யார் வீட்டுத் துக்கம் என்றுகூடக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

அம்மாவின் நினைவு நாளை எப்போதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையில்தான் அனுசரிப்பேன். கடந்த ஆண்டு அந்த நாள் வியாழக்கிழமையில் வந்தது; அன்றே விடுப்பு கிடைத்தது. யாரிடமும் சொல்லாமல் காலைத் திருப்பலிக்கு நம் ஊர்ச் சிற்றாலயத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அப்பா முன்வரிசையில் இருந்தார். திருப்பலிக்கு முன் உபதேசியார், அன்றைய பூசையை யார் யார் எதற்காக ஒப்புக்கொடுக்கிறார்கள் என்ற கருத்துகளை வாசித்தார். அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் மனைவியின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், புதிய டிராக்டர் கிடைத்ததற்குப் புனித அந்தோணியாருக்கு நன்றியாகவும் என்றார்.

சித்திதான் முதலில் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர்கள். அப்புறம் எல்லாரும். அப்பா மட்டும் திரும்பவில்லை.

என்னிடம் மறைக்கத் துணிந்தவர் அந்தோணியாரிடம் மறைக்கத் துணியவில்லை. வண்டி வந்ததற்கு நன்றிக் கருத்து கொடுக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. அதையும் அம்மாவின் நினைவு நாளிலேயே கொடுத்திருக்கிறார். அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் சித்தி சூழ்நிலையை இலகுவாக்கப் பார்த்தார். "அந்தோணியாரு காணாமப் போனதைக் கண்டுபுடிச்சுக் குடுக்குற சாமிதானே. ஒளிச்சு வச்சதையும் காட்டிக் குடுத்துட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை.

"எங்க நிக்குது?" என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

"எங்க மாட்டுக் கொட்டாயிலம்மா. ஞாயித்துக்கிழம மட்டும் தார்ப்பாய் போட்டு மூடிடுவோம்."

"நீங்களுமா சித்தப்பா?"

"அண்ணன் சொன்னா நான் என்னாம்மா பண்றது. பழசைக் குடுத்துட்டுத்தான் இதை எடுத்தாரு. முப்பது எச்.பி. சேத்துல சும்மா வழுக்கிக்கிட்டு போவுது. ரெண்டு நாள் வேலை அரை நாள்ல முடியுது. உன் தம்பிதான் வீடியோ பாத்து இதையே எடுக்கச் சொன்னான்."

தம்பி பிரான்சில் இருந்துகொண்டு தேர்ந்தெடுத்த வண்டி. எனக்குப் பதினைந்து நிமிடப் பயணத்தில் நின்றிருக்கிறது.

அப்பா மெல்ல நடந்து வந்தார்.

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா விட்டுருப்பியா?"

"விட்டுருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல." பிறகு, "முன்ன மாதிரி குலுங்கல்லம்மா. பவர் ஸ்டியரிங். சீட்டு மெத்து மெத்துன்னு இருக்கு. ஏறி உக்காந்து பாரு, உனக்கே தெரியும்" என்றார்.

"நான் எதுக்குப்பா ஏறணும். ஊர் முழுக்க ஏறிப் பாத்தாச்சுல்ல."

அவர் முகம் சுருங்கியது. நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அன்று மாலை நாட்குறிப்பில் அந்த ஒன்பது ஞாயிறுகளையும் எடுத்து, நான் எழுதியிருந்த பொய்களுக்கு எதிரே ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நான் நிறுத்தவில்லை. மருந்து பார்த்தேன், சமையலைப் பார்த்தேன். டிராக்டர் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அந்தக் கொட்டகைப் பக்கம் போகவும் இல்லை. சம்பா உழவின்போது ஒரு நாள் போன் செய்தார். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. இப்போது மறைக்கவில்லை.

"நாளைக்கு நம்ம வயலு. இந்த வருசம் ஒருத்தருக்கும் நாத்து முத்தலம்மா. கடைசியா நம்மளுதுதான். ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்."

"ஆபீஸ்ல வேலை இருக்குப்பா."

வேலை இருக்கவில்லை. இதை முதல் முறையாக இங்கே சொல்கிறேன்.

ஐப்பசி அடைமழையில், வயலில் வேலை எதுவும் இல்லாத ஒரு மதியம், சாப்பிட்டுப் படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. சித்தப்பா போன் செய்தார். டிராக்டரால் இப்படி ஆயிற்றா என்று மருத்துவரிடம் பிறகு கேட்டேன். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்.

அடக்கத்தன்று நம் வாசலில் கூடி நின்றவர்கள் அப்பாவைப் பற்றிப் பேசியதெல்லாம் அந்தக் கடைசி உழவைப் பற்றித்தான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எப்படி வரப்போரம் திருப்பினார், இறங்கும்போது எப்படிப் பாட்டு முனகினார் என்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். அப்பா பாட்டு முனகுவார் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே போய்விட்டேன்.

இப்போது நன்றி சொல்ல வேண்டிய இடம். இறுதி நாளில் மழையில் நனைந்துகொண்டு பந்தல் போட்டவர்களுக்கு நன்றி. முன்னின்று வழிநடத்திய பங்குத்தந்தைக்கும் உபதேசியாருக்கும் நன்றி. மூன்று நாள் அடுப்பைக் கவனித்த சித்திக்கு நன்றி. கல்லறைக்குச் சிமென்ட் பூசிக் கொடுத்தவர்களுக்கு நன்றி. விமானம் கிடைக்காமல் இரண்டு நாள் தவித்து வந்து சேர்ந்த தம்பிக்கும் நன்றி.

டிராக்டரை என்னிடம் மறைத்தவர்களும் நீங்களேதான். உங்கள் நாற்று முற்றக் கூடாது என்பதற்காக மறைத்தீர்கள். அவர் கேட்டுக்கொண்டதற்காகவும் மறைத்தீர்கள். இரண்டையும் புரிந்துகொள்கிறேன். அதற்கு நன்றி சொல்ல மட்டும் என்னால் இன்னும் முடியவில்லை. அப்படி ஒரு நன்றியை இங்கே எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்பாவின் கடைசிப் பருவத்தை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள், நான் பார்க்கவில்லை. மறைத்தது உங்கள் தவறு; அழைத்தும் போகாதது என் தவறு. திருப்பலி முடிந்து நம் வீட்டில் மதிய உணவு இருக்கிறது. அவசரப்பட்டுக் கிளம்பாமல் ஒவ்வொருவராக என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். அவர் எப்படி ஏறினார், எப்படி ஓட்டினார், என்ன பாட்டு முனகினார் என்று சொல்லுங்கள். இந்த முறை எதையும் மறைக்காதீர்கள்.