கால்பேரு

நோர்வூட் சந்தியில் அவளுடைய படம் போட்ட பெனர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ‘எங்கள் தோட்டத்தின் முதல் கலாநிதி, செல்வி டெல்சி மத்தியாஸ்.’ அதற்கு நேர் கீழேதான் டெல்சி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கிழித்துப் போட்டுவிடுவாள் போலிருந்தது.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஏறும் வழியில் பக்கத்து வீட்டு வீரய்யா மறித்தார்.

“டொக்டரம்மா, முழங்கால் வலிக்கு என்ன குடிக்கலாம்?”

“மாமா, நான் தேயிலைக்குத்தான் டொக்டர்.”

“என்னையும் ஒரு தேயிலச் செடின்னு நெனச்சுக்கயேன். இத்தன வருசமா என்னையும் சேத்துத்தானே வெட்டுறானுங்க.”

வேறு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று உதடு அசையவில்லை.

அம்மா இசபெல் அப்போதுதான் மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். டெல்சி பையை மூலையில் எறிந்தாள்.

“என் பேர வெட்டிட்டாங்கம்மா.”

இசபெல்லின் கை நின்றுவிட்டது. தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலை போய்விட்டது என்று அர்த்தம்.

“ஐயோ மாதாவே! ஒன்னைய நிப்பாட்டிட்டாங்களா? யாரடி அடிச்ச?”

“யாரையும் அடிக்கல. இனிமேதான் அடிக்கணும்.”

பிறகு மூச்சு வாங்கியபடி நடந்ததைச் சொன்னாள். தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் கொப்புள நோயைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. டயகம பக்கத்து மலைகளில், மூடுபனியில், காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போட்டபடி இலை இலையாகப் பார்த்தவள் அவள். அந்த ஆய்வு இன்று ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் கட்டுரையாக வந்திருந்தது. முதல் பெயர் அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியருடையது. இரண்டாவது, மலைப் பக்கமே வராத ஒரு விரிவுரையாளருடையது. அவருக்குப் பதவி உயர்வு வேண்டுமாம். டெல்சியின் பெயர் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் யார் அதைப் படித்தாலும் பேராசிரியரின் ஆய்வு என்றுதான் சொல்வார்கள்.

இசபெல்லுக்கு முகம் சிவந்துவிட்டது. எடுத்த கொழுந்து நிறை குறைந்தால், நாள் முழுக்க மழையில் நின்றவளுக்கும் தோட்டத்தில் பாதி நாள் வேலைதான் பதிவார்கள். அதற்கு அரைப்பேரு என்று பெயர்.

“இது அரைப்பேருகூட இல்லையே புள்ள. கால்பேருல்ல போட்டிருக்கானுங்க!”

டெல்சிக்கு முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, அதே பேராசிரியரின் துறையில் விரிவுரையாளர். மற்றது கொழும்பில், தேயிலை ஏற்றுமதி செய்யும் கம்பெனியின் ஆய்வுகூடத்தில். அங்கே என்ன கண்டுபிடித்தாலும் கம்பெனிக்குத்தான் சொந்தம், அவள் பெயர் எதிலும் வராது. அதனாலேயே அதை வேண்டாமென்று சொல்ல இருந்தாள். படிப்பிக்க வேண்டும், லயத்துப் பிள்ளைகள் தன் ஆய்வுகூடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய்ப் பேராசிரியரை அழைத்தாள். அம்மாவும் பின்னாலேயே வந்து நின்றாள்.

“பேர் வந்திருக்குத்தானே டெல்சி? சந்தோசப்படுங்க. லயத்திலிருந்து வந்த ஒருத்தருடைய பேர் அந்த ஜேர்னலில் வர்றதே பெரிய விசயம்.”

டெல்சியின் காது சூடானது. “ஆய்வு என்னோடது சேர். முதல் பேரும் என்னோடதாத்தான் இருக்கணும். திருத்தச் சொல்லி எழுதுங்க.”

“அடுத்த மாதம் உங்க நியமனத்தைப் பற்றிப் பேசப்போறோம். யோசித்து நடந்துகொள்ளுங்க.”

அழைப்பு அறுந்தது.

“இவன் மொகத்துல முழிக்காத. பேசாம கொழும்புக்கே போயிரு” என்றாள் இசபெல்.

“பேசாமயா? அரைப்பேரு போட்ட அன்னைக்கு நீ பேசாமயா இருந்த?”

“நானா? கணக்கப்பிள்ளைய நான் ஏசுன ஏச்சு நோர்வூட் வரைக்கும் கேட்டுச்சே!”

“முழுப்பேரு போட்டானா?”

“எங்க? மறுநாளும் அரைப்பேருதான்.” இசபெல் காறித் துப்பினாள். “ஆனா அதுக்கப்புறம் என்னையப் பாத்து அவன் பல்லக் காட்டுனதில்ல.”

டெல்சி அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதத் தொடங்கினாள். மலையில் எடுத்த படங்களையும் தான் எழுதிய முதல் வரைவையும் இணைத்தாள். பிரதி பேராசிரியருக்கும் துறையில் உள்ள எல்லோருக்கும். இதை அனுப்பினால் அந்தத் துறையின் கதவு தனக்குத் திறக்காது என்பது தெரியும். எழுதியதை இன்னொரு தடவை படித்தாள். தப்பு செய்தவன் அங்கேயே இருப்பான், கேட்டவள் வெளியே போக வேண்டும் என்று நினைத்ததும் ஆத்திரம் பொங்கியது. அனுப்பினாள்.

பிறகு கொழும்புக்கு ஒரு வரி. வருகிறேன் என்று மட்டும். அங்கே உனக்குப் பேர் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் பேர் தருகிறோம் என்று சொல்லித் திருடுகிறார்கள். சந்தோசம் ஒன்றும் வரவில்லை.

“ஏசிட்டியா?” என்று கேட்டாள் இசபெல்.

“ஏசிட்டேன்.”

“நல்லாவா?”

“எல்லாரும் படிக்கிற மாதிரி.” டெல்சி எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணை ஓங்கித் தட்டினாள். “அந்த பெனரையும் கழட்டச் சொல்லும்மா. என் பேர நானே எழுதிக்கிறேன்.”