துணி துவைக்கும் அறைக்கு வந்த மெஷின்

ஜானெல் துப்பாக்கிக்குப் பயந்தவள் இல்லை. மொன்டானாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வரும்? கல்யாணத்துக்கு முன்பே ஒற்றை ஆளாக மான் சுட்டு, தோலுரித்து, கறியை உறைபெட்டியில் அடுக்கியவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவள் போடுகிற அதட்டலில் பெரிய வகுப்புப் பையன்கள்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அப்படிப்பட்டவள் பயந்தது, கணவன் ராய்ஸ் கொட்டகையில் வைத்திருந்த ஒரு குலுக்கு மெஷினுக்கு.

ராய்ஸ் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். பனி விழாத நாளில் கொட்டகையே கதி. சுட்டுத் தீர்ந்த தோட்டாக்குப்பிகளை அந்த மெஷினில் மக்காச்சோளத் தக்கைத் தூளோடு கொட்டிக் குலுக்கிக் கரி போக்குவான். பிறகு மறுபடி சுடுவதற்காக அவற்றில் புதிதாக மருந்தடைத்து, குண்டு பொருத்துவான். வேலை முடிந்ததும் எண்ணெய்ப் பிசுபிசுப்புப் போகட்டும் என்று அந்தத் தோட்டாக்களையே மறுபடி அதே தூளில் போட்டுக் குலுக்குவான். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் ஜானெலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? மருந்தடைச்ச தோட்டாவைப் போட்டுக் குலுக்குறே! ஒண்ணோட மூக்கு இன்னொண்ணோட பின்னால போய் இடிச்சா?"

"இடிச்சா, 'மன்னிச்சுக்கோ அண்ணே'ன்னு சொல்லிட்டு நகர்ந்துக்கும்."

"தமாஷ் பண்ணாதே ராய்ஸ். எத்தனை பிள்ளைங்களை வயித்துலயே பறிகொடுத்துட்டு இவளைப் பெத்தேன். எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான்."

இடுப்பில் இருந்த குழந்தை டார்லா அப்பனைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். ராய்ஸ் மெஷினை நிறுத்திவிட்டான். இருந்தாலும் மனைவி போன பிறகு மறுபடி போட்டுவிடுவான் என்பது அவளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, துப்பாக்கி ரிப்பேர் செய்யும் ஓட்டிஸ் பிராண்ட்வோல்டைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் துப்பாக்கி விஷயமென்றால் அவர் சொன்னதுதான் சட்டம்.

"அது வெடிக்காதும்மா," என்றார் அவர். "தோட்டாவோட பின்பக்கம் இருக்கிற பொட்டு மருந்து வெடிக்கணும்னா நல்லா ஓங்கி அடி விழணும். மெத்து மெத்துன்னு தூளுக்குள்ள உருளுறதுக்கெல்லாம் அது அசையாது. கம்பெனிக்காரங்களே கடைசில இப்படித்தான் பளபளப்பாக்குறாங்க. நாள்கணக்கா விட்டா மருந்து நுணுங்கிப் போகும்னு சில பேரு சொல்றாங்க. உன் புருஷன் கொஞ்ச நேரந்தானே ஓட்டுறான். போய் நிம்மதியாத் தூங்கு."

நிம்மதியாம்! வெடிக்காது என்று புத்திக்குப் புரிந்துவிட்டது. பெற்ற வயிற்றுக்குப் புரிய வேண்டுமே. கொட்டகையில் மெஷினுக்குப் பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர், பெட்ரோல் கேன். கொட்டகைக்கு நேர் எதிரே குழந்தை படுக்கிற அறை.

"வெடிக்காதுதான். ஆனா வெடிச்சுட்டா? மெஷினைத் தூக்கிட்டு வந்து துணி துவைக்கிற இடத்துல வை. என் கண்ணு முன்னால ஓடட்டும்."

"வேண்டாம் ஜானெல். ஒரே அழுக்கு. ஷெட்டிலேயே கிடக்கட்டும்."

"அழுக்கைத் துடைக்க எனக்குத் தெரியாதா?"

அவளோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் யார்? மெஷின் வீட்டுக்குள் வந்தது. ராய்ஸுக்கும் உள்ளூர சந்தோஷம், குளிரில் விறைக்க வேண்டாம் என்று. அந்த 'டர்ர்ர்' சத்தத்தில் டார்லா அயர்ந்து தூங்குவதைப் பார்த்து, ஜானெல் தொட்டிலையும் அங்கேயே நகர்த்திப் போட்டாள். தூளிலிருந்து குப்பிகளை ராய்ஸ் அங்கேயே சலித்தெடுப்பான். புகை மாதிரித் தூசி எழும்பும். அவள் ஈரத்துணியால் துடைப்பாள், அதே கையால் குழந்தையைத் தூக்குவாள். தவழத் தொடங்கிய குழந்தை தரையெல்லாம் தடவி விரலைச் சூப்பியது.

அந்தக் குளிர்காலம் முழுக்க எதுவும் வெடிக்கவில்லை.

வசந்தத்தில் டார்லா சாப்பிட மறுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். "மம்மா", "பால்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அதையும் விட்டுவிட்டாள். பல் முளைக்கிற கோளாறு என்றார்கள். கடைசியில் மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஈயம், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண், ஈயம் பட்டால் சிவக்கும் பரிசோதனைப் பஞ்சுக் குச்சிகளோடு வந்தாள். ஜன்னல் பெயின்டைத் தேய்த்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரிலும் சந்தேகப்பட ஏதும் இல்லை. துணி துவைக்கும் அறைக்குள் போனாள். மெஷின் மூடியைத் தேய்த்த குச்சி சிவந்தது. துணி மடிக்கும் மேசையில் தேய்த்தாள், சிவந்தது. தொட்டில் விளிம்பில் தேய்த்தாள். அதுவும் சிவந்தது.

"அது வெடிக்காதுன்னு ஓட்டிஸ் சொன்னாரே," என்றாள் ஜானெல். வாய்க்கு வந்தது அதுதான், பாவம்.

"வெடிக்காதுங்க. நான் வெடிக்கிறதைச் சொல்லல. சுட்ட குப்பிக்குள்ள ஒட்டியிருக்கிற கரியில ஈயம் இருக்கும். அது இந்தத் தூள்ல இறங்கி, சலிக்கும்போது காத்துல பறக்கும். இதை ஆட்கள் நடமாடுற இடத்துல வைக்கவே கூடாது. யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. தூசியைப் பற்றி அவளும் யாரிடமும் கேட்கவில்லை. ராய்ஸ் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தான். மெஷினை உடைத்தால் இன்னும் தூசி பறக்கும் என்று அந்தப் பெண் கையைப் பிடித்துத் தடுத்தாள். ஓங்கிய கையோடு அவன் அப்படியே நின்றான்.

டார்லாவை ஆஸ்பத்திரியில் வைத்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் மருந்தை அவள் துப்பத் துப்ப ஊட்டினார்கள். ரத்தத்தில் ஈயம் இறங்கியது. கோடை முடியும்போது வயிற்றுவலியும் நின்றது. பேச்சு மட்டும் வரவில்லை. ஜானெல் மகளின் முகத்துக்கு நேரே குனிந்து "மம்மா சொல்லு, என் தங்கம், மம்மா" என்று கெஞ்சுவாள். குழந்தை அவள் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"பேசிடுவாளா டாக்டர்?"

"பேசலாம். ரத்தத்துல இருந்ததை எடுத்துட்டோம். மூளைல நடந்ததை எங்களால மாத்த முடியாது. வளர வளரத்தான் தெரியும்."

வெளியே வந்து குழந்தையைப் பின் இருக்கையில் கட்டினார்கள். ராய்ஸ் சாவியைப் போட்டான். வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஷெட்டிலேயே கிடக்கட்டும்னுதானே நான் சொன்னேன்."

சொன்ன மறுநொடியே அவன் முகம் செத்துப்போனது. கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவுமில்லை, தட்டிவிடவுமில்லை.

"ஆமா ராய்ஸ், சொன்னே," என்றாள். "வண்டியை எடு. அவளுக்குப் பசிக்கும்."