மெட்டு ஏறும் லோடு

போடிமெட்டுக்குப் போகும் ஜீப்பில் கடைசியாக ஏறியதால் பின்பலகை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள்.

"லோடு ஏறிருச்சு, போலாம்," என்கிறார் டிரைவர்.

எங்கள் ஊரில் லோடு என்றால் மூட்டை. மின்சாரக்காரருக்கு அது கரண்டு இழுக்கும் அளவு. துப்பாக்கியில் குண்டு போடுவதும் லோடுதான். இங்கே நாங்கள். ஆதி ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வழி, பயணம் என்றே பொருள் என்று கல்லூரியில் படிக்கும் மகள் சொன்னாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு.

வளைவில் எஞ்சின் நின்றுவிடுகிறது. மழை ஈரத்தில் ஜீப்பு பின்னால் வழுக்குகிறது. பின்னே பள்ளம்.

"அண்ணே, கடைசி ஆளுதான் கல்லு வைக்கணும்! காலுக்கிட்ட கெடக்கு, வெரசா!" எதிரில் இருக்கும் பெண் கத்துகிறார்.

பக்கவாட்டில் குதித்து, கல்லை டயருக்கு அடியில் தள்ளுகிறேன். ஜீப்பு முட்டி நிற்கிறது.

"புது மாப்ள மாதிரி கூச்சப்பட்டு உக்காந்திருந்தாரு, பாத்தியா ஆத்தா!" என்கிறார் கத்திய பெண், பக்கத்தில் இருப்பவரிடம்.

எல்லோரும் சிரிக்கிறார்கள். எஞ்சின் உறுமி ஜீப்பு முன்னேறியதும், கல்லை எடுத்துக்கொண்டு ஓடி ஏறுகிறேன்.

"லோடு எல்லாம் ஏறியாச்சா?" டிரைவர் கேட்கிறார்.

"ஏறியாச்சு," என்கிறேன், நானே சத்தமாக.

அடுத்த வளைவு தெரிகிறது. கல்லைக் கீழே போடாமல் மடியில் வைத்துக்கொள்கிறேன்.