பங்காளி ஜெர்மன், சம்பந்தி பிரெஞ்சு

போன ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் சாரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா காபி குடிச்சிட்டு, பேப்பரைக் கையில வெச்சிக்கிட்டே போயிட்டாருங்க மாமா" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஒரு கேள்விதான். எந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்? "மணமகள் தேவை பக்கமுங்க" என்றாள். துக்கத்தின் நடுவிலும் இருவரும் சிரித்துவிட்டோம். யாருக்கு யார் என்ன முறை என்று பார்ப்பது அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்த பொழுதுபோக்கு. அவரை அறிந்த உங்களுக்கும் இது தெரியும்.

மொழிகளுக்கும் அவர் முறை பார்த்தார். அறுபதுகளின் கடைசியில் அரூரில் ஒரு பள்ளியில் அவர் ஆங்கிலம், நான் கணக்கு. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்றாலே நடுக்கம். "பயப்படாதீங்க, அதுவும் நம்மள மாதிரி ஒரு குடும்பந்தான்" என்று சொல்லி, கரும்பலகையில் அந்தக் குடும்பத்தை வரைவார். ஜெர்மன் பங்காளி. கப்பலில் வந்து கொள்ளையடித்துப் பிறகு அங்கேயே குடியேறிய டேனிஷ்காரனும் பங்காளி. படையோடு வந்து அரண்மனையில் உட்கார்ந்த பிரெஞ்சுக்காரன் சம்பந்தி. அயல்மொழியிலிருந்து வரும் சொல் மருமகள் மாதிரி. கொஞ்ச நாளில் வந்த வீட்டையே தன் வீடாக்கிக்கொள்ளும். "சுத்தமான மொழின்னு ஒண்ணு இருந்தா, அது கல்யாணம் ஆவாத மொழி" என்பார்.

பாடப்புத்தகம் மட்டும் நகரவில்லை. அவருக்கு அது தகுதிகாண் பருவம். பள்ளி ஆய்வாளர் நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரம். முந்தைய ஆய்விலேயே, புத்தகத்தை விட்டு விலகுகிறார் என்று எழுதியிருந்தார்கள். போன ஞாயிறு பேசிய மகள் அப்போது கைக்குழந்தை.

இரண்டு நாள் ஆய்வு. முதல் நாள் ஆய்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, தலைமையாசிரியரும் நானும் வாசலில் நின்றோம். மாதம்மாள் என்ற மாணவி எழுந்தாள்.

"சார், டேனிஷ்காரன் பங்காளின்னீங்க. பங்காளி வூட்டுல பொண்ணு எடுக்கக்கூடாதுங்களே. அப்புறம் எப்படிங்க எக், நைஃப் எல்லாம் அவங்க வூட்டுல இருந்து வந்துச்சு?"

அருளப்பன் சார் கரும்பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "தெரியலையேம்மா. நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

ஆய்வாளர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். தலைமையாசிரியர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் ஆசிரியர் அறையில் நான் பொரிந்து தள்ளினேன். "ஏங்க, வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாமில்ல? ஆய்வாளருக்கு என்ன தெரியப் போவுது?"

"அவருக்குத் தெரியாதுங்க. மாதம்மாளுக்குத் தெரிஞ்சிடும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். சிறுவயது முதல் விடுதியில் வளர்ந்தவர் அவர். பங்காளிச் சண்டையைப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. "நீங்க குடியானவர் வூட்டுப் பிள்ளை. பங்காளிகிட்ட என்னதாங்க வாங்குவீங்க?"

"பொண்ணைத் தவிர எல்லாம் வாங்குவோம். ஏணி, கடப்பாரை, உறைமோர். காலையில வரப்புக்குச் சண்டை, சாயங்காலம் அவங்க வூட்டு ஆட்டாங்கல்லுல மாவு."

"அதேதானுங்க!" என்று துள்ளி எழுந்தவர், மிதிவண்டியைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அதே வகுப்பு, அதே கடைசி பெஞ்ச். "மாதம்மா, எக், நைஃப், ஸ்கின் இதெல்லாம் மருமவ இல்ல. பக்கத்து வூட்டு ஏணி. வாங்கினவன் திருப்பிக் குடுக்கல, அவ்வளவுதான்!" வகுப்பு கொல்லென்று சிரித்தது. "ஒரே வரப்புல பொழைச்சவங்க. அதனாலதான் அங்கிருந்து வந்தது முட்டை, கத்தி, தோலு. சம்பந்தி வூட்டுச் சீரைப் பாரு: கோர்ட், ஜட்ஜ், ஜுவல்."

மாதம்மாள் கொஞ்சம் யோசித்து, "சரிங்க சார்" என்று உட்கார்ந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஆய்வாளரின் குரல் கேட்டது: "அப்போ லத்தீன் என்ன முறைங்க?"

"அது எங்க சர்ச் சாமியார் மாதிரிங்க சார். எல்லா வூட்டு விசேஷத்துக்கும் வருவாரு. ஆசீர்வாதம் பண்ணி நாலு சொல்லு விட்டுட்டுப் போவாரு. எந்த வூட்டுலயும் பொண்ணு மட்டும் எடுக்கமாட்டாரு."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். புத்தகத்தில் நான்கு பாடம் பாக்கி என்று எழுதத் தவறவில்லை. அதற்குக் கீழே, இந்த வகுப்பு கேள்வி கேட்கிறது என்றும் எழுதினார். அருளப்பன் சார் நிரந்தரமானார். எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு கிடைத்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். அடுத்த ஆண்டு வடிவியல் வகுப்பில் ஒரு பையன் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை வரவில்லை. "தெரியலப்பா, நாளைக்குச் சொல்றேன்" என்றேன், வாழ்க்கையில் முதல் முறையாக. மறுநாள் காலை மணியடிப்பதற்கு முன்பே போனேன். வகுப்பு முழுவதும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.