இரவல் பக்கத்தில் சேர்த்த குரல்கள்

நேற்று கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில், பக்கத்து மேசைக்காரரின் போன் ஒரு செய்தியை இயந்திரக் குரலில் உரக்க வாசித்தது. எந்த ஊர்த் தமிழ் என்று கேட்காதீர்கள், எனக்கும் விளங்கவில்லை. அரைத் தேத்தண்ணியோடு எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் ஊர்த் தமிழில் வாசிக்கும் மென்பொருள் ஒன்றை நானும் இம்தியாஸும் செய்துகொண்டிருந்தோம். இம்தியாஸ் என் கூட்டாளி, பிறவியிலேயே பார்வை இல்லாதவன். நான் நிரல் எழுதுவேன், அவன் கேட்டுப் பிழை சொல்வான். யாரும் இலவசமாக எடுக்கலாம், திறந்து பார்த்துத் திருத்தலாம். அப்படிப்பட்ட சாமானைப் பிரபலமாக்க நாங்கள் போய் நின்றதோ, பூட்டும் திறப்பும் வேறொருவர் கையில் இருந்த ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில். வேறு எங்கே போவது? சொந்தமாகத் தொடங்கிய இணையத்தளத்தைப் பார்க்க வந்தவர் என் மச்சினன் ஒருவர்தான், அதுவும் நான் வற்புறுத்தி.

எங்கள் பக்கத்தில் தினமும் ஒரு வசனம் போடுவோம். அதை வாசித்துப் பதிந்து கீழே இடும்படி கெஞ்சுவோம்; அந்தக் குரல்களைக் கேட்டுத்தான் மென்பொருள் பேசப் பழக வேண்டும். மருதமுனை நெசவுக்காரர், பாண்டிருப்பு டீச்சர், ஒலுவில் துறைமுகத்தில் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தி வாசித்த மீனவர் என்று குரல்கள் வந்தன. சும்மா கொடுக்கும் சாமானுக்கு ஏன் இந்தக் கெஞ்சல் என்று மனைவி கேட்டாள். நான் அடுத்த நாளுக்கான வசனத்தைத் தேடத் தொடங்கினேன்.

"எல்லாத்தையும் வேற எடத்துல நகல் எடுத்து வெச்சியா மச்சான்?" என்று இம்தியாஸ் அடிக்கடி கேட்பான். ஓம் ஓம் என்பேன். எனக்கு ஆட்களைக் கூட்டுவதிலேயே வெறி. சாரி விற்கும் குழு, விதைநெல் குழு, கால்பந்துக் குழு ஒன்றையும் விடாமல் ஒரே அறிவித்தலை ஒட்டினேன். வலைத்தளம் எங்களை மோசடிக்காரர் என்று முடிவுகட்டிப் பக்கத்தை மூடிவிட்டது. முறையிட்டு எழுதிக் கை சலித்தது. ஒவ்வொரு முறையும் அதே மூன்று வரிப் பதில், மனிதர் யாரும் எழுதியதல்ல. என்னிடம் இருந்த நகல் முதல் வாரத்துக் குரல்கள் மட்டும்.

நிரல் இன்னும் இருக்கிறது. யாரும் எடுக்கலாம், பேசத்தான் குரல் இல்லை. இம்தியாஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவனுடைய உம்மாவும் எங்களுக்காக வாசித்தவர்தான், பக்கம் மூடப்படுவதற்கு முந்திய கடைசி மாதத்தில். போன நோன்பில் மௌத்தாகிவிட்டார். அவருக்காகக் கத்தம் ஓதி முடிந்து மற்றவர்கள் அவருடைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இம்தியாஸ் தடவி என் கையைப் பிடித்தான்.

"உம்மாட சத்தம் உன்ட போன்ல எங்கயாச்சும் இரிக்கா மச்சான்?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். இன்றும் அவன் கேட்கும்போதெல்லாம் அதையேதான் சொல்கிறேன்.